உயிரான கேசட்டைக் கடைசியில் போடுங்கள்: பழைய டூ-இன்-ஒன்னை மீண்டும் பாடவைக்க

ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒன்றாக உள்ள டூ-இன்-ஒன்னைப் பரணிலிருந்து இறக்கியதும் பலரும் செய்வது ஒன்றுதான். தூசியைத் தட்டி, பிளக்கைச் சொருகி, வீட்டில் இருப்பதிலேயே அருமையான கேசட்டை எடுத்து உள்ளே போட்டுவிடுகிறார்கள். பாட்டியின் தாலாட்டு பதிந்த கேசட், வளைகுடாவுக்குப் போன அப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், கல்யாண வீட்டு நாதஸ்வரம். இருபது வருடம் சும்மா கிடந்த இயந்திரத்தில் ரப்பர் பாகங்கள் கெட்டிருக்கும். இரண்டாவது நிமிடத்திலேயே நாடா சுருண்டு, மடிந்து, உள்ளே சிக்கிக்கொள்ளும். கடையில் விற்ற சினிமாப் பாட்டுக் கேசட் போனால் இன்னொன்று தேடிப் பிடிக்கலாம். பேசி அனுப்பிய கேசட்டுக்கு இன்னொரு பிரதி எங்கும் இல்லை.

அதனால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் மின்சாரம், அடுத்து ரப்பர், பிறகு துப்புரவு, வேகம், நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பத்திரப்படுத்திய கேசட். அதுவரை சோதனை பார்க்க, போனாலும் வருத்தமில்லை என்கிற இரண்டு மூன்று கேசட்டுகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு, புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றலாம். இப்போது புதிதாக வரும் மலிவான கேசட் பிளேயர்களில் பெரும்பாலானவை ஒரே எளிய இயந்திர அமைப்பின் நகல்கள்தான். வேகத்தைச் சீராக வைக்கும் பறக்கும் சக்கரம் சிறியது, அதனால் சுருதி அலையும். டால்பி இரைச்சல் குறைப்பு அவற்றில் இருக்காது. 1980களில் வந்த நடுத்தரமான பானசோனிக், சோனி, பிலிப்ஸ், பி.பி.எல். சான்யோ பெட்டியொன்றை ஒழுங்காகச் சரிசெய்தால் அது இவற்றைவிட நன்றாகவே பாடும்.

பழையது வாங்குவதானால்

வீட்டில் இல்லாமல் பழைய சாமான் கடையில் வாங்கும்போது, பியானோ கட்டைபோல அழுத்தும் பட்டன் உள்ளதாகப் பாருங்கள். லேசாகத் தொட்டால் இயங்கும் பட்டன் வைத்த டெக்குகள் (ரேடியோவும் ஸ்பீக்கரும் இல்லாத கேசட் இயந்திரங்கள்) ஒலியில் உயர்ந்தவைதான். ஆனால் உள்ளே பல்சக்கரமும் சென்சாரும் அதிகம், முதல் வேலைக்கு ஆகாது. தானாகப் பக்கம் மாறும் ஆட்டோ ரிவர்ஸும் இப்போதைக்கு வேண்டாம். திரும்பித் திரும்பி நிற்கும் ஹெட்டை இரண்டு பக்கத்துக்கும் சாய்வு சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கேசட் போடாமல் பிளே அழுத்துங்கள். நாடாவைச் சுருட்டும் பக்கத்து அச்சு ஒரே சீராகச் சுற்ற வேண்டும். விரலால் லேசாகப் பிடித்தால் நின்று, விட்டதும் உடனே சுற்ற வேண்டும். சுற்றவே இல்லை, மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட் போயிருக்கிறது. பயப்பட வேண்டாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பயப்பட வேண்டியது ஹெட்டைப் பார்த்து. அதன் முகத்தில் நகத்தை ஓட்டும்போது நாடா ஓடிய தடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

ரேடியோவும் கேட்கப் போகிறவர்கள் டயலையும் பார்க்க வேண்டும். ஜப்பான் நாட்டுக்குள் விற்கத் தயாரித்த பெட்டிகளில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். நம் ஊர் எஃப்.எம். நிலையங்களில் பெரும்பாலானவை 91க்கு மேலே இருப்பதால் அதில் எடுக்காது.

மின்சாரம்

பிளக்கைச் சொருகுவதற்கு முன் பெட்டியின் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் படியுங்கள். ஜப்பான் பெட்டிக்கு 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டிக்கு 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சில நிமிடங்களில் புகைந்துவிடும். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் வோல்ட்டேஜ் மாற்றும் சிறு சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும். சவூதியில் முன்பு வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரம் வந்தது. அங்கே புழங்கிய பெட்டியின் சுவிட்ச் இன்னும் 110 அல்லது 127இல் நிற்கலாம், 220 அல்லது 240க்குத் தள்ளிவிடுங்கள். சுவிட்சே இல்லாத 100, 120 வோல்ட் பெட்டிக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தேவை. பெட்டியில் எழுதியிருக்கும் வாட் அளவைப்போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்க எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரிஸ் பல்பு முறைதான் பாதுகாப்பு. பழைய இழை பல்பு, 40 அல்லது 60 வாட், பேஸ் கம்பியில் வரிசையாக வரும்படி ஒரு பலகையில் இணைத்து, அதன் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் விட வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் மினுங்கி மங்கினாலோ, எரியாமலே இருந்தாலோ நல்லது. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. உடனே அணைத்துவிட்டு டிரான்ஸ்பார்மரையும் டையோடுகளையும் சோதிக்க வேண்டும். பல்பு மங்கலாக இருந்தால் பத்து நிமிடம் அப்படியே விட்டு, கருகல் வாடை வருகிறதா, ஏதாவது சுடுகிறதா என்று கவனித்த பிறகு பல்பு இல்லாமல் நேரடியாகச் சொருகுங்கள். பல்பு வழியாக வரும்போது வோல்ட்டேஜ் குறையும் என்பதால் பாட்டின் வேகத்தை அப்போது கணிக்க வேண்டாம்.

டூ-இன்-ஒன்னில் ஆபத்தான இடம் மெயின் ஒயர் வந்து சேரும் டிரான்ஸ்பார்மர் பகுதி மட்டும்தான். அதைத் தாண்டினால் பெரும்பாலும் 9 முதல் 15 வோல்ட்தான் ஓடும். வால்வு ரேடியோ அப்படியில்லை. அதன் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வால்வு ரேடியோவைத் திறக்க வேண்டாம்.

செல் போடும் அறையையும் பாருங்கள். மறந்துபோன செல் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சாதாரண செல் கசிவுக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீரையும், அல்கலைன் செல் கசிவுக்கு வினிகரையும் பட்ஸில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அரித்துப்போன ஸ்பிரிங்கை உப்புக் காகிதத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் போதும்.

பாட்டே போடாமல் கொர்ர் என்று உறுமல் கேட்கிறதா? வால்யூமைக் குறைத்தும் குறையாத உறுமல் என்றால் பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும். மைக்ரோஃபாரட் அளவு பழையதிலுள்ள அதே எண்ணாகவும், வோல்ட் அதே அளவோ சற்று அதிகமாகவும், 105 டிகிரி தாங்கும் வகையாகவும் வாங்கி, கழித்தல் கோடு போட்ட காலை அதே இடத்தில் வைத்துப் பற்றவையுங்கள். மாற்றி வைத்தால் வெடிக்கும்.

ரப்பர்: பாதி நோய் இங்கேதான்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும்போதும் போனில் படம் எடுங்கள். நீளமும் குட்டையுமான ஸ்க்ரூக்களை இடம் மாற்றிப் போட்டால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். ஸ்பீக்கர் ஒயர் குட்டையாக இருக்கும், முன் மூடியைச் சட்டென்று இழுக்காதீர்கள். உள்ளே கரப்பான் பூச்சிக் கழிவும் பல்லி முட்டையும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். உலர்ந்த பெயின்ட் பிரஷால் தள்ளி எடுங்கள். காற்றடித்தால் அதெல்லாம் சந்து பொந்துக்குள் போய்ச் சேரும்.

மோட்டாரிலிருந்து பறக்கும் சக்கரத்துக்குப் போகும் பெரிய பெல்ட் ஒன்று, எண் காட்டும் கவுண்டருக்குச் சிறியது ஒன்று, சில பெட்டிகளில் சுருட்டும் அச்சுக்கு மூன்றாவது ஒன்று. பழைய பெல்ட் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, விறைத்துத் தளர்ந்து வழுக்கும். மற்றது, தார்போல உருகி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். உருகியதை விரலால் தொட்டால் நாள் முழுக்கக் கறை போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் கப்பியின் பள்ளம்வரை சுரண்டி எடுக்க வேண்டும். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் இது கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கறுப்புப் பிசின் கொஞ்சம் மிஞ்சினாலும் புதிய பெல்ட் அங்கே ஏறி இறங்கி, பாட்டில் அலை விழும்.

புதிய பெல்ட்டின் அளவைக் கண்டுபிடிக்கப் பழைய பெல்ட்டை அளக்க வேண்டாம், அது நீண்டிருக்கும். பெல்ட் ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி, நூலை அளந்து, அதில் 5 முதல் 8 சதவீதம் குறையுங்கள். நூல் 250 மி.மீ. வந்தால் பெல்ட்டின் சுற்றளவு 230 முதல் 237 மி.மீ. இருக்க வேண்டும். விற்பவர்கள் இதையே மூன்று விதமாகச் சொல்வார்கள்: சுற்றளவு, விட்டம், மடித்து வைத்த பாதி நீளம். 235 மி.மீ. சுற்றளவும், 75 மி.மீ. விட்டமும், 117 மி.மீ. பாதி நீளமும் ஏறக்குறைய ஒரே பெல்ட்தான். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். வடிவமும் பொருந்த வேண்டும். தட்டையான பெல்ட் இருந்த இடத்தில் சதுரப் பெல்ட் போட்டால் நிற்காது. சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. மற்றவர்கள் இணையத்தில் பல அளவுகள் கலந்த பெல்ட் பொட்டலம் வாங்கலாம், அதில் ஒன்று பொருந்திவிடும்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று சின்னதாகப் போட்டால் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேயும், வேகமும் குறையும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று மளிகைக்கடை ரப்பர் பேண்டை மாட்டவும் கூடாது. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் நாதஸ்வரம் அழுவதுபோல் கேட்கும்.

அடுத்தது பிஞ்ச் ரோலர். நாடாவைக் கேப்ஸ்டன் என்கிற மெல்லிய எஃகு அச்சோடு அழுத்திப் பிடிக்கும் கறுப்பு ரப்பர் உருளை இதுதான். நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. நகர்வது இவை இரண்டின் பிடியால். ரப்பர் கண்ணாடிபோல மின்னினால் பிடி வழுக்கும். பழுப்பு அழுக்கு ஒரு பக்கம் படிந்திருந்தால் நாடா மேலோ கீழோ ஏறி ஓரம் மடியும். ஆல்கஹால் ஒரு தடவை துடைக்கச் சரி, அடிக்கடி போட்டால் ரப்பர் காய்ந்துவிடும். வழக்கமான துப்புரவுக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். வெடிப்பு விட்டிருந்தாலோ, நகத்தால் அழுத்தினால் அமுங்காமல் கல்லாக இருந்தாலோ மாற்றிவிடுங்கள். வாங்கப் போகும்போது வெளிவிட்டம், அகலம், நடுத்துளை மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

நாடா ஏன் சிக்குகிறது என்பதை இங்கே புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கேப்ஸ்டனும் ரோலரும் நாடாவை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மறுபக்கத்து அச்சு அதை உடனுக்குடன் சுருட்டிக்கொள்ள வேண்டும். சுருட்டும் அச்சின் பெல்ட்டோ ரப்பர் சக்கரமோ வழுக்கினால் தள்ளிய நாடா போக இடமில்லாமல் ரோலரைச் சுற்றிக்கொள்ளும். கேசட் மேல் பழி போடுவதற்கு முன் சுருட்டும் அச்சைப் பாருங்கள். பிளே அழுத்திய சில நொடியில் பட்டன் தானாக மேலே வந்துவிடும் பெட்டிகளிலும் அநேகமாக இதே குறைதான். அச்சு நின்றதைப் பார்த்து ஆட்டோ ஸ்டாப் தன் வேலையைச் செய்கிறது.

சிக்கிவிட்டால் எஜெக்டை ஓங்கி அழுத்தாதீர்கள். ஸ்டாப் போட்டு, மின்சாரத்தை நிறுத்தி, பறக்கும் சக்கரத்தைக் கையால் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினால் சுற்றிய நாடா ஒவ்வொரு சுற்றாக வெளிவரும். கத்தரிக்கோல் கடைசி வழி.

பெல்ட் மாற்றும்போதே கேப்ஸ்டன் புஷ்ஷில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி, ஊசி முனையால் விடுங்கள். வழிந்ததை ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும், பெல்ட்டிலோ ரோலரிலோ பட்டால் எல்லாம் வழுக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இந்த இயந்திரத்தில் எங்குமே அடிக்கக் கூடாது.

ஹெட் துடைப்பதும் கரகரப்பும்

ஒலி மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தால் ஹெட்டில் நாடாவின் பழுப்புத் துகள் படிந்திருக்கிறது. ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் ரெக்கார்ட் பிளே ஹெட், பக்கத்திலுள்ள சின்ன அழிக்கும் ஹெட், கேப்ஸ்டன் மூன்றையும், பட்ஸில் நிறம் ஒட்டுவது நிற்கும்வரை துடையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேப்ஸ்டனுக்கும் ரோலருக்கும் நடுவே பட்ஸை நுழைத்தால் பஞ்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பத்து மணி நேரம் பாடியதும் ஒரு முறை துடைப்பது நல்ல பழக்கம். பூஞ்சை பிடித்த கேசட் ஓடியிருந்தால் உடனே துடைக்க வேண்டும்.

ஹெட்டின் காந்தத்தைப் போக்கும் கருவி ஒன்றும் உண்டு. பல மாதங்களுக்கு ஒரு முறை செய்தால் போதும், அதையும் சரியாகச் செய்யத் தெரிந்தால் மட்டும். பெட்டியை அணைத்து, கேசட்டுகளையெல்லாம் வேறு அறைக்குக் கொண்டுபோய், கருவியைக் கை நீளத்துக்கு அப்பால் வைத்து சுவிட்ச் போட்டு, மெதுவாக ஹெட்டின் அருகே கொண்டுவந்து, அதைவிட மெதுவாக விலக்கி, மறுபடி கை நீளத்துக்கு வந்த பிறகே அணைக்க வேண்டும். அருகிலேயே அணைத்தால் ஹெட் முன்னைவிட அதிகமாகக் காந்தமேறும்.

வால்யூம் திருப்பும்போது கரகரத்தால் அந்தக் குமிழின் திறப்பில், மின் தொடுமுனைகளைத் துப்புரவாக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடித்து இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். பலருக்குத் தெரியாத இடம் இன்னொன்று. உள்ளே சர்க்யூட் பலகையில் நீளமாக, நிறையக் கால்களோடு ஒரு நகரும் சுவிட்ச் இருக்கும். ரெக்கார்ட் பட்டன் அழுத்தினால் அது தள்ளப்படும். பாடும்போது ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் போவது, திடீரென்று ஊளையிடுவது, ஒலி வந்து வந்து மறைவது ஆகியவற்றில் பெரும்பங்கு இதன் கறுத்துப்போன தொடுமுனைகளால் வருபவை. கிளீனர் அடித்து, கேசட் இல்லாமல் அந்த சுவிட்சைக் கையால் முப்பது தடவை தள்ளித் தள்ளி விடுங்கள். ஆம்பிளிஃபயர் ஐ.சி. போய்விட்டது என்று ஒதுக்கிய பெட்டிகள்கூட இதனால் பிழைத்திருக்கின்றன.

வேகம்

புதிய பெல்ட் போட்டதும் வேகத்தைத் தொடாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஓடி பெல்ட் படிந்த பிறகு பாருங்கள். சரியான வழி 3,000 அல்லது 3,150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட். போனில் அலைவரிசை காட்டும் செயலியை வைத்து, 3,000 என்று பதிந்தது 3,060 காட்டினால் 2 சதவீதம் வேகம். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் காதுக்குத் தெரியாது. 6 சதவீதம் என்றால் சுருதி ஒரு அரைச்சுரம் ஏறிவிட்டது, பாடகரின் குரலே வேறாகிவிடும்.

சோதனைக் கேசட் இல்லையென்றால் வேறு வேறு கம்பெனிகள் பதிப்பித்த மூன்று அசல் கேசட்டுகளை எடுங்கள். நன்கு தெரிந்த பாட்டின் நீளத்தை நல்ல டிஜிட்டல் பிரதியோடு ஒப்பிடுங்கள். 240 வினாடிப் பாட்டு 235 வினாடியில் முடிந்தால் 2 சதவீதம் வேகம். ஒரே கேசட்டை நம்ப வேண்டாம், அதன் பதிவே வேகம் தவறியிருக்கலாம். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் சரிசெய்யுங்கள்.

மோட்டாரின் பின்புறம் சின்னத் துளை இருக்கும், சிலவற்றில் ரப்பர் மூடியோடு. உள்ளே ஒரு நுண்ணிய திருகு. உலோக ஸ்க்ரூ டிரைவர் பக்கத்தில் பட்டு ஷார்ட் ஆகலாம், பிளாஸ்டிக் முனையுள்ளது வேண்டும். ஒரு தடவைக்குக் கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவுதான் திருப்ப வேண்டும். திருப்பியும் வேகம் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கினால் மோட்டாரை மாற்றுங்கள். வோல்ட், சுற்றும் திசை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற மூன்றும் பழைய மோட்டாரின் உறையில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். திசையை மறந்து வாங்கிவருவோர் அதிகம்.

ஹெட்டின் சாய்வு

ஒரு வினாடியில் 4.76 செ.மீ. நாடாதான் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு நாடாவில் கிடைக்கும் இடம் 4.76 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹெட்டின் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி நாடாவுக்குச் சரியான செங்குத்தில் நிற்காமல் இம்மி சாய்ந்தாலும் அந்த அலை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும். ஜால்ரா மங்கும், சலங்கை கேட்காது, ‘ஸ’ என்கிற ஒலி ‘ஷ’ போலாகும்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 1980களில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 அல்லது 90 நிமிடக் காலிக் கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கினோம் அல்லவா, அந்தந்தக் கடையின் டெக்குக்கு அதனதன் சாய்வு. ஒரு கடைக் கேசட் கணீரென்று கேட்டு, இன்னொரு கடைக் கேசட் மந்தமாகக் கேட்டால் இயந்திரத்தில் குறை இல்லை. இயந்திரத்தை முதலில் கம்பெனி பதிப்பித்த அசல் கேசட்டுகளுக்குச் சரியாக நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட கேசட்டை டிஜிட்டலாக மாற்றும் நேரத்தில் மட்டும் அதற்கேற்பத் திருப்பி, முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஹெட்டின் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். ஒன்று அடியில் ஸ்பிரிங்கோடு, தலையில் வண்ண அரக்குப் பூச்சோடு இருக்கும். அதுதான் சாய்வுத் திருகு. திருப்பும் முன் தலையின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஜால்ரா நிறைந்த பஜனைப் பாட்டு ஒன்றை ஹெட்போனில் ஓடவிட்டு, இரண்டு பக்க ஒலியையும் மோனோவாகச் சேர்த்துக் கேளுங்கள். மோனோவில் சாய்வுப் பிழை பெரிதாகத் தெரியும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டில் ஒரு சுற்று திருப்பினால் ஓரிடத்தில் ஒலி சட்டென்று திறந்துகொள்ளும். அதைத் தாண்டினால் மறுபடி மூடும். திறந்த இடத்தில் நிறுத்தி நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தால் அசையாது. கால் சுற்றுக்கு மேல் போயும் மாற்றம் இல்லையென்றால் தவறான திருகைத் திருப்புகிறீர்கள், கோட்டுக்குத் திரும்புங்கள்.

டால்பி பட்டன் உள்ள டெக்கில், இரட்டை டி அடையாளம் போட்ட கேசட்டுக்கு மட்டும் அதைப் போடுங்கள். வேறு கேசட்டுக்குப் போட்டால் இரைச்சலோடு பாட்டின் பளபளப்பும் போய்விடும்.

கேசட்டைத் தயார் செய்வது

இயந்திரம் சோதனைக் கேசட்டுகளை இரு பக்கமும் முழுதாக, இரண்டு முறை சிக்காமல் பாடியிருக்கிறதா? இனி பத்திரக் கேசட்டை எடுக்கலாம்.

முதல் வேலை, மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுவது. இனிமேல் தவறி ரெக்கார்ட் அழுத்தினாலும் பதியாது. பிறகு நாடாவைக் கண்ணாடி வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சர்வசாதாரணம். அப்படியே இயந்திரத்தில் போட்டால் ஹெட் அடைபடும், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியிலோ திறந்த ஜன்னலருகிலோ, ஆறுபட்டைப் பென்சிலால் மெதுவாகச் சுற்றி, வெளியே தெரியும் நாடாவை மெல்லிய நூலிழை உதிராத உலர்ந்த துணியால் லேசாகத் தொட்டபடி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கொண்டுபோங்கள். தண்ணீர் வேண்டாம்.

நாடா ஹெட்டைத் தொடும் இடத்தில், கேசட்டுக்குள் பித்தளைத் தகட்டில் ஒட்டிய குட்டிப் பஞ்சு மெத்தை இருக்க வேண்டும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மெலிந்து, வந்து வந்து போகும். ஐந்து ஸ்க்ரூ போட்ட கேசட் என்றால் அதே நீளமுள்ள வேறொரு நல்ல கேசட்டின் ஓட்டுக்குள் சுருளை மாற்றிவிடுவது எளிது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, படுக்கவைத்துத் திறந்து, படம் எடுத்து, சுருள் இரண்டையும் அடியிலுள்ள வழுக்குத் தாளோடு சேர்த்துத் தூக்குங்கள். சுருளை ஒரு கையால் தூக்கினால் நடு கழன்று விழுந்து தரையெங்கும் நாடா ஓடும். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கேசட்டின் விளிம்பை மெல்லிய பிளேடால் நாடா இல்லாத மூலையிலிருந்து பிளக்க வேண்டும்.

அறுந்த நாடாவைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டாதீர்கள், வெயில் காலத்தில் பசை வழிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே 3.81 மி.மீ. அகலத்தில் ஒட்டு நாடா கிடைக்கிறது. இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 45 டிகிரியில் சேர்த்து வெட்டி, இடைவெளியில்லாமல் முட்டவைத்து, ஹெட்டைப் பார்க்காத உட்பக்கத்தில் ஒட்டுங்கள். 120 நிமிடக் கேசட் நாடா சுமார் 9 மைக்ரோமீட்டர்தான், 60 நிமிடத்தினுடையதில் ஏறத்தாழ பாதி. அதை வேகமாகச் சுற்றவே கூடாது.

அந்தக் கேசட்டைப் போடும் நாள்

பல வருடம் அசையாத சுருள் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் பாடவிடாமல் ஒரு முழு முறை கடைசிவரை சுற்றி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிய சுற்றுகள் பிரிந்து சுருள் சீராகும். அன்று காலையில் ஹெட்டைத் துடைத்திருக்க வேண்டும். கணினியோடு இணைத்து, பாடவைக்கும் முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு. டூ-இன்-ஒன்னில் லைன் அவுட் இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்து, வால்யூம் பாதிக்குக் கீழே, டோன் குமிழ் நடுவில். பழைய ஐரோப்பியப் பெட்டிகளின் வட்டமான ஐந்து முனை சாக்கெட்டில் 3, 5 எண் முனைகள் இடது, வலது வெளியீடு, 2 தரை. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து, மிக உரத்த இடத்தில் அளவுகோல் மைனஸ் 6 டெசிபலைத் தொடும்படி அமைத்து ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம் கூடவே உட்கார்ந்திருங்கள், கை ஸ்டாப் பட்டன் பக்கத்தில் இருக்கட்டும். இரைச்சலை நீக்கும் வேலையையெல்லாம் நகலில் செய்யுங்கள். மூலப் பதிவை வேவ் கோப்பாக, பேசியவர் பெயர், ஊர், வருடம், எந்தப் பக்கம் என்று எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள்.

கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு கோடிவரை சீரான வேகத்தில் ஓடிய நிலையில், பெட்டியில் போட்டு, புத்தகம்போல நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடும் டப்பாவில், ஸ்பீக்கரிலிருந்தும் டிரான்ஸ்பார்மரிலிருந்தும் தள்ளி, வெளிச்சுவரை ஒட்டாத பீரோத் தட்டில் வையுங்கள். பரண் சூடேறும், அங்கே வேண்டாம். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாகப் பார்த்து வாங்கினால் ஈரம் ஏறியதும் நீலம் இளஞ்சிவப்பாகும், அப்போது மாற்றிவிடலாம்.